பெய்யாத மழை

பாறையில் காயப்போட்டிருந்த மிளகை, ஒரு மாசி மாதம் காலம் தவறிய மழை அடித்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து எங்கள் மலையூரான வாழவந்தி நாட்டின் மேல் ஒரு துண்டு மேகம் தெரிந்தாலும் எனக்கு மூச்சு முட்டும், நெஞ்சு படபடக்கும்.

மாரடைப்பு என்று பயந்து மலையிறங்கி டாக்டரிடம் போனேன். அவர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயத்துல ஒண்ணும் இல்லீங்க, பதற்றந்தான். கவலைப்படறத வுடுங்க" என்றார். கவலையை விடத் தெரிந்தவன் எதற்கு பஸ் ஏறி இவரிடம் வரப்போகிறான்? எரிச்சலோடு வெளியே வந்தேன். அங்கிருந்த நர்ஸம்மா மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னார்.

"பயம் ஒரு வேலையச் செய்யச் சொன்னா ஒடனே செய்யாதீங்க. மூச்ச மெதுவா வுட்டுக்கிட்டு, பத்து நிமிசம் கழிச்சுப் பாருங்க."

அந்தப் பத்து நிமிடத்தில் மழை வந்தால் மிளகை நர்ஸம்மாவா வந்து அள்ளுவார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்படியொரு புத்தி.

மறு வருடம் நல்ல காய்ப்பு. கொடிகளை வைத்ததும் வளர்த்ததும் ஏணி போட்டுப் பறித்ததும் என் மனைவி. அந்த மிளகை விற்றுத்தான் மகளைக் காலேஜில் சேர்ப்பதாக இருந்தோம். காயப்போட்ட மறுநாள் அரியூர் நாட்டிலிருந்து போன் வந்தது, மாமியாருக்கு உடம்பு முடியவில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது மனைவி சொன்னாள்:

"ஏனுங்க, மேகம் வந்தா வரட்டும். பொழுது எறங்கறப்ப அள்ளுனாப் போதும். பகல்ல மூடிராதீங்க."

அவள் பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் மேகம் வந்தது. பாதி காய்ந்த மிளகைச் சூட்டோடு குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் கல் வைத்தேன். வெயில் வந்ததும் பரப்பினேன். அன்று மட்டும் ஐந்தாறு தடவை. மூடியதும் நெஞ்சு அடங்கிவிடும். அந்தச் சுகத்துக்காகத்தான் மூடினேன், மிளகுக்காக இல்லை. அது அப்போது எனக்குப் புரியவில்லை. மறுநாளிலிருந்து தார்ப்பாயைத் திறக்கவே இல்லை. மூன்று நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தவள் தார்ப்பாயைத் தூக்கினாள். ஆவியும் புளித்த நாற்றமும் முகத்தில் அடித்தன. மிளகு முழுக்க வெள்ளைப் பூசணம். ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்.

"ஒரு சொட்டு மழ பெய்யலீங்களே" என்றாள்.

மகள் அந்த வருடம் நாமக்கல்லில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். அடுத்த வருடம் சேரலாம் கண்ணு என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். இன்னும் அங்கேதான் நிற்கிறாள்.

அடுத்த அறுவடைக்கு முன்பு மனைவி என் துணிமணியைப் பையில் எடுத்து வைத்தாள். "மொளகு காயற வரைக்கும் உங்கக்கா ஊட்ல இருங்க" என்றாள். எதிர்த்துப் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஒவ்வொரு அறுவடைக்கும் இப்படித்தான்; இது நான்காவது வருடம். மலையடிவாரத்துப் புளியஞ்சோலையில் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து, மலைமேல் மேகம் ஏறுவதைப் பார்க்கிறேன். மூச்சை மெதுவாக விடுகிறேன். பத்து நிமிடம் என்ன, பகல் முழுக்க, மிளகை மூடச் சொல்லிப் போன் செய்யாமல் இருக்கப் பழகிவிட்டேன். அவளும் செய்வதில்லை. நான் இல்லாத வீட்டில் மிளகு நன்றாகவே காய்கிறது.