கராஜில் இறக்கிய குழம்பு

இத்தாலியக் குடும்பங்களைப் பற்றிய படம் என்றாலே இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது. ஒரு காலத்தில் அண்ணனும் நானும் அவற்றைத் தேடித்தேடிப் பார்த்தவர்கள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டில் ஒன்றாக இருந்த இரண்டு வருடமும் வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு படம். கப்பலேறி வந்த குடும்பம், ஒரே மேசை, வாய் நிறையச் சாப்பாட்டோடு ஒருவரையொருவர் பார்த்துக் கத்தித் தீர்ப்பார்கள். தூத்துக்குடியில் எங்கள் வீட்டிலும் அதே சத்தம்தான்.

ஒரு படத்தில், பணக்காரப் பெண்ணைக் கட்டப்போகும் அண்ணன், சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பார்களே என்று அம்மா சமைத்த உப்புமீனை ஒளித்துவைப்பான். தங்கை அதைத் தூக்கிவந்து நடு மேசையில் வைப்பாள். எல்லாரும் வழித்துச் சாப்பிடுவார்கள், படம் முடிந்துவிடும்.

"இவன்லாம் ஒரு மகனா? செருப்பால அடிக்கணும்" என்று டிவியைப் பார்த்துத் திட்டினான் என் அண்ணன். கண்கூடக் கலங்கியிருந்தது. நானும் நம்பினேன்.

பிறகு வேறு மாநிலத்தில், ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கிப் போனான். கோயில், கமிட்டி என்று ஆனதும் மீனை விட்டுவிட்டான். அதில் எனக்கு வருத்தமில்லை. அவரவர் நாக்கு.

போன வருடம் அம்மாவின் முதல் வருஷப் படையல் அவன் வீட்டில். செத்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து அவர்கள் போட்டோவுக்கு முன்னால் இலையில் வைப்பது எங்கள் வழக்கம். அம்மாவுக்கு உயிர் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. கடைசி மாதம் எதுவும் இறங்காமல் கிடந்தபோதும், "நீ வந்து வச்சுத் தா" என்று போனில் கேட்டாள். விசா சிக்கலில் நான் போகவில்லை. அவள் இலையிலாவது அதை வைத்துவிட வேண்டும் என்றுதான் கருவாட்டை மூன்று கவரில் சுற்றிக்கொண்டு விமானம் ஏறினேன்.

வாசலிலேயே அண்ணன் பையைப் பார்த்துவிட்டான். "ஏ பிள்ள, கோயில் ஃபிரெண்ட்ஸ்லாம் வாராங்க. கராஜ்ல வச்சு சமைச்சுக்கோ. உள் கதவ மட்டும் தொறந்திராத, வாட வீடு முழுக்க அடிக்கும்."

இரண்டு கார்களுக்கு நடுவே சின்ன அடுப்பில் சமைத்தேன். படைக்கும்வரை உப்புக்கூடப் பார்க்கக்கூடாது. வாசனையை வைத்தே இறக்கினேன். சட்டியோடு போனால் உள் கதவு பூட்டியிருந்தது. தட்டித் தட்டிக் கை வலித்த பிறகு வந்தான். அவன் தோளுக்கு மேல் தெரிந்த இலையில் கேட்டரிங் புளியோதரை, வடை, சர்க்கரைப் பொங்கல். சூடமும் அணைந்திருந்தது.

"அண்ணே, ஒரு கரண்டி. ஓரமா வச்சிருதேன்."

"அம்மா சைவம்னு சொல்லி வச்சிருக்கேன். மானத்த வாங்காத."

அந்தப் படத்துத் தங்கை அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருப்பாள். நான் சட்டியைக் கராஜ் தரையில் வைத்தேன். சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினேன். புடவையை உதறிக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

ஒரு ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க அம்மா முட்டைகூடத் தொடமாட்டாங்களாமே? உங்க அண்ணா சொன்னாரு. எவ்ளோ பியூர் லைஃப்மா!"

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா ஆன்ட்டி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மீன் வாடையே அம்மாவுக்கு ஆகாது."