கிறிஸ்துமஸுக்கு வந்த வெள்ளைச் சேலை

அக்காவின் கணவர் லாரி ஓட்டினார். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்தில், தொப்பூர் மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து அவர் இறந்துபோனார். அக்காவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சேலத்தில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். நான் ஆசிரியைப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

துக்க வீடு என்பதால் அந்த டிசம்பரில் எங்கள் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. தெருவில் மற்ற வீடுகளிலிருந்து அச்சு முறுக்கு மணம் வந்தது. குழந்தை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தது. அம்மா அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

எங்கள் பங்குக் கோயில் மாதர் சங்கம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஏழைகளுக்கும் விதவைகளுக்கும் பரிசு கொடுக்கும். அதன் தலைவி ஃபேர்லேண்ட்ஸில் பங்களா கட்டிக்கொண்டு இருந்த ஓர் அம்மாள். வாரந்தோறும் கோயிலில் முன் வரிசையில் உட்காருவார். பண்டிகைக்கு நான்கு நாள் முன்னால் அவர் காரை எங்கள் தெருமுனையில் நிறுத்திவிட்டு இரண்டு பெண்களோடு நடந்து வந்தார். கையில் ரோஸ் நிறக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டிய பொட்டலம்.

"கிறிஸ்து பிறந்த நாளைக்கு யாரும் பழசு கட்டக் கூடாதும்மா. உனக்குன்னு நானே பார்த்து எடுத்தேன்," என்றார்.

அக்கா பொட்டலத்தைப் பிரித்தாள். வெள்ளைச் சேலை. கரைகூட இல்லை.

ரிப்பனைப் பிடித்து இழுத்து விளையாடிய குழந்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அந்த அம்மாள் அக்காவின் கையைத் தட்டிக் கொடுத்தார். "இனிமே பாட்டுக் குழுவில முன்னாடி நிக்காதே. நாலு பேர் கண்ணு உன் மேலேயே இருக்கும். பின்னாடி தூண் பக்கம் உக்காந்துக்கோ. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அக்கா பதினான்கு வயதிலிருந்து அந்தக் குழுவில் பாடியவள். சேலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சாயம் போடக் காசு பத்தலீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அப்பா என்னை உள்ளே போகச் சொல்லி அதட்டினார். வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பி, "நல்ல மனசோடதானே கொண்டுவந்தாங்க," என்றார். மருமகன் இறந்தபோது அழுத மனிதர்தான். ஆனால் அந்தச் சொல்லை நான் மன்னிக்கவில்லை. மகளை உயிரோடு தூணுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் போகிறவர்களை வாசல் வரை வழியனுப்பினாரே!

மறுநாள் லாரிக்காரம்மா வந்தார். அவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மாமா ஓட்டிய லாரி அவருடைய குடும்பத்தினுடையது. ஜேடர்பாளையம் பக்கம் நிலபுலம் உள்ள விவசாயக் குடும்பம். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அவரும் வெள்ளைதான் உடுத்தியிருந்தார், ரவிக்கை கிடையாது. சின்ன வயதிலேயே கணவனை இழந்து, அண்ணன் வீட்டில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூட்டை நிலக்கடலையும் வெல்லமும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார்.

அவர் மேலும் எனக்குக் கோபம் இருந்தது. பிரேக் சரியில்லை என்று மாமா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மா தண்ணீர் கொடுத்தாள். நான் முகம் கொடுக்கவில்லை.

"பண்டியல் நாளு, புள்ளைக்குத் திங்க ஏதாச்சும் வேணுமில்லீங்க," என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே திரும்பியவர், கட்டில் மேல் கிடந்த சேலையைப் பார்த்தார். "இதென்னுங்க?"

"கோயில்ல குடுத்தாங்க. கிறிஸ்துமஸுக்கு," என்றாள் அக்கா.

அவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "உங்க சாமியும் இதத்தான் கட்டச் சொல்லுதா?"

"சாமி சொல்லல. சங்கம் சொல்லுது," என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அம்முணி, உனக்கு என்ன நெறம் புடிக்கும்?"

அக்காவுக்குக் கேள்வி புரியாதது போல இருந்தது. அவர் மறுபடி கேட்டார்.

"வாடாமல்லி," என்றாள் அக்கா. சொன்னவுடனே முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். அடக்கம் முடிந்த நாளிலிருந்து அழாதவள்.

"என்னைய ஆரும் கேக்குல சாமி. ஒரு வார்த்தை கேக்குல. பதினெட்டு வயசுல ஒருத்தி வந்து வெள்ளைய மேல போத்திட்டுப் போயிட்டா," என்றார் அவர். "அந்த லாரிய எங்கண்ணன் ரிப்பேருக்கு உட்டிருக்கோணும். நானும் சொல்லியிருக்கோணும். அதுக்கு ஈடு எதுவுமில்லீன்னு எனக்குத் தெரியும். கெளம்பு, போயிட்டு வரலாம்."

எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அம்மாபேட்டைக்குப் போனார். தறிச் சத்தம் கேட்ட தெருவில் நெசவாளர் வீடாக ஏறி இறங்கினார். பச்சையைக் காட்டினார்கள், அரக்கைக் காட்டினார்கள். வேண்டாம் என்று தலையாட்டினார். நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ ஒரு வீட்டில் சரியான வாடாமல்லி நிறத்தில் ஒரு சேலை இருந்தது. மஞ்சள் கரை. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அக்காவின் தோளில் வைத்துப் பார்த்து, பிறகுதான் வாங்கினார். அந்த வீட்டுப் பெண் அவரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கல்யாணமுங்களா?"

"இல்லீங்க. பண்டியல்," என்றார் லாரிக்காரம்மா.

கிறிஸ்துமஸ் காலையில் அக்கா அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தாள். அப்பா சட்டையில் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"இதோடவா கோயிலுக்கு வரப்போற?"

"ஆமாப்பா."

"நான் வரலை."

அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "அப்ப வீட்டைப் பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டு முதலில் தெருவில் இறங்கினாள். அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கோயிலில் அக்கா தூண் பக்கம் போகவில்லை. பாட்டுக் குழுவில் தன் பழைய இடத்தில் போய் நின்றாள். குழுவை நடத்திய உபதேசியார் பின்னால் போகும்படி கையைக் காட்டினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. பாட்டு தொடங்கியதும் பாடினாள். முதல் வரியில் குரல் உடைந்தது. பிறகு சரியாகிவிட்டது. பெண்கள் பக்கத்தில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. குழந்தை, "அம்மா, அம்மா" என்று கை காட்டியது.

பூசை முடிந்து குடிலுக்கு முன்னால் நிற்கும்போது தலைவியம்மாள் வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"நாங்க குடுத்த சேலை பிடிக்கலியாம்மா?"

"பிடிக்கலைங்க," என்றாள் அக்கா.

அவ்வளவுதான். மரியாதையாகச் சொன்னாள். நான் நூறு வசவு யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் தேவைப்படவில்லை.

அதற்குச் சங்கத்தார் பழிவாங்கினார்கள். கன்னியாஸ்திரீகள் நடத்திய தையல் பள்ளியில் தை மாதம் அக்காவுக்கு வேலை தருவதாகப் பேச்சிருந்தது. போய்க் கேட்டபோது இடம் இல்லை என்றார்கள். இரண்டு வாரம் கழித்து வேறொரு பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள். பாட்டுக் குழுவுக்கும் அக்கா வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பணிவைப் பற்றி நீளமாகப் பேசினார். அன்பு, ஈகை என்று பிரசங்கம் வைக்கிறவர்கள், கொடுத்ததைக் கட்டிக்கொள்ள மறுத்த ஒரு பெண்ணின் வயிற்றில் அடித்தார்கள். இதைச் சங்கத்தில் யாரும் தவறு என்று நினைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

அக்கா வீட்டிலேயே தைக்க ஆரம்பித்தாள். முதலில் தெருப் பெண்கள், பிறகு அம்மாபேட்டையிலிருந்துகூட ரவிக்கை தைக்க வந்தார்கள். வருடம் முடிவதற்குள் எங்கள் முன்னறை முழுக்கத் துணி. அப்பாவே ஒரு நாள் தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு லாரிக்காரம்மா வரவில்லை. சேலை விஷயம் தெரிந்து அவருடைய அண்ணன் பெரிய சண்டை போட்டதாகவும், தனியாக ஊரை விட்டுப் போகக் கூடாதென்று சொல்லிவிட்டதாகவும் கேள்விப்பட்டோம்.

"நாம போவோம்," என்றாள் அக்கா.

என்ன கொண்டுபோவது என்று பல நாள் யோசித்தாள். பலகாரம் அவர்கள் வீட்டில் இல்லாததா? சேலை கொடுத்தால் அவரால் கட்ட முடியாது. கடைசியில் ரவிக்கைத் துணிகளில் மிஞ்சிய துண்டுகளை எடுத்தாள். சிவப்பு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, வாடாமல்லி. ஒன்றோடொன்று இணைத்து, உள்பக்கம் பழந்துணி வைத்து, ஒரு போர்வை தைத்தாள். பண்டிகை முடிந்த மறுநாள் பஸ் ஏறிப் போனோம்.

அவர் களத்தில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். "வாங்க சாமி, வாங்க. ஊட்டுக்குள்ள வாங்க." தன் அறைக்கே கூட்டிக்கொண்டு போனார்.

அக்கா போர்வையை விரித்தாள். "உங்களுக்கு என்ன நெறம் புடிக்கும்னு எனக்குத் தெரியலை. அதனால எல்லாம் வச்சேன். ராத்திரி போத்திக்கங்க. யாரும் பாக்க மாட்டாங்க."

லாரிக்காரம்மா அதன் மேல் கையை வைத்தார். துண்டு துண்டாகத் தடவிக்கொண்டே போனார். அந்தச் சிவப்பில் கை நின்றுவிட்டது. அப்போது வாசலில் அண்ணனின் செருமல் கேட்டது. சட்டென்று போர்வையை மடித்தார், உள்பக்கத்துப் பழந்துணி வெளியே தெரியும்படி.

"என்னது அது?" என்று குரல் வந்தது.

"போர்வைங்கண்ணா," என்றார். குரலில் நடுக்கம் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. நிலமும் லாரியும் அவர் குடும்பத்தினுடையவை, ஆள் அம்பு எல்லாம் அவர் சொல்லுக்கு நடந்தது. ஆனால் தனக்குப் பிடித்த சிவப்பை அவர் விளக்கணைத்த பிறகுதான் போர்த்திக்கொள்ள வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, திருச்செங்கோட்டு மலை பின்னால் போகும் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.