ஒன்பதாம் எண் கைப்பேசி

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் "தட்டு அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வருடமாக ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, வட்டத் தட்டுகளில் கிருமி வளர்த்து, எது எந்த மருந்துக்குச் சாகும் என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை.

ஒரே மாதத்தில் அறுவை சிகிச்சை வார்டில் ஐந்து பேருக்குப் புண் சீழ் பிடித்தது. உடனே கமிட்டி கூடியது. டீ, பிஸ்கட் முடிவதற்குள் குற்றவாளி அகப்பட்டுவிட்டாள்: தரை துடைக்கும் அம்மா. அவளுக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள்.

தட்டு அக்காவுக்கு மனசு ஆறவில்லை. ஐந்து புண்ணிலும் ஒரே கிருமி. தரைத் துடைப்பம் யார் புண்ணையும் தொடவில்லையே! வார்டில் போய் நின்று பார்த்தாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய கைகள், மறு நிமிடமே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தன. அப்படியே போய்ப் புண் கட்டைப் பிரித்தன.

ஆய்வுக்கூடத் தலைவரிடம் அனுமதி வாங்கி, டாக்டர், நர்சு என்று வார்டுக்கு வந்துபோகும் முப்பது பேரின் போன்களைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தாள். தட்டுகளில் பெயர் போடவில்லை, எண் மட்டும்; எந்த எண் யாருடையது என்பது அவள் நோட்டில் மட்டும். பிழைக்கத் தெரிந்தவள்.

இரண்டு நாளில் பெரும்பாலான தட்டுகளில் ஏதோ ஒன்று முளைத்தது. அதிகமும் சாதுவான கிருமிகள். ஒன்பதாம் எண்ணில் மட்டும் அந்த ஐந்து புண்ணில் இருந்த அதே கிருமி குடும்பம் குட்டியோடு குடியிருந்தது.

கமிட்டியில் அவள் இதைச் சொன்னதும் தலைமை டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "யாரும்மா அந்த ஒன்பது? அது போனா, குப்பைத் தொட்டியா? பேரைச் சொல்லு, சீட்டைக் கிழிச்சிடறேன்."

"வேண்டாம் சார்."

"பயப்படாதே. யாரா இருந்தாலும் சரி."

"உங்களோடதுதான் சார்."

அந்த நேரம் பார்த்து மேஜையில் கிடந்த அவர் போன் அலறித் தொலைத்தது. எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுவாரம் சுற்றறிக்கை வந்தது: நோயாளியைப் பார்க்க வருபவர்கள் போன் கொண்டுவரக் கூடாது! டாக்டர்களின் போன்கள் பிறவியிலேயே பரிசுத்தம் போலும்.

தட்டு அக்கா நேராக நிர்வாகியிடம் போனாள். "அந்த அம்மாவோட மெமோவை வாபஸ் வாங்குங்க. இல்லேன்னா இந்தத் தட்டை நோட்டீஸ் போர்டுல மாட்டிடுவேன்." மெமோ அன்றைக்கே "தவறுதலாக" வழங்கப்பட்டதாகிவிட்டது.

பிறகு நர்சுகள் ஒவ்வொருவராக வந்து, போனை எப்படித் துடைப்பது என்று ரகசியமாகக் கேட்டுப் போனார்கள். இளம் டாக்டர்களும் வந்தார்கள். இரண்டு மாதத்தில் வார்டில் சீழ் நின்றது.

தலைமை டாக்டர் மட்டும் வரவே இல்லை. ஆனால், வாரா வாரம் ஒரு போனைக் காகிதத்தில் சுற்றி, வார்டு ஊழியரிடம் கொடுத்தனுப்புவார்.

"இது சாரோட நண்பர் போனாம் அக்கா. சுத்தமா இருக்கான்னு பார்க்கச் சொன்னாரு."

"நண்பர்கிட்ட சொல்லு, இந்த வாரம் பரவாயில்லைன்னு" என்பாள் தட்டு அக்கா, முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு.