கேட்டது அவளிடம்

பல் டாக்டர் கேட்டது என் மனைவியிடம்: "ஏதும் மாத்திரை சாப்பிடுதீங்களா?" பதில் சொன்னது நான்: "ஒண்ணும் கிடையாது டாக்டர். சுகர், பிரஷர் எதுவும் இல்ல." தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஒரு கேள்வி காதில் விழுந்தால் போதும், அது யாரைக் கேட்டது என்று பார்க்கிற பழக்கமெல்லாம் கிடையாது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப் பஞ்சை வைத்து அனுப்பினார். முக்கூடலுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

இரண்டு மாதமாகியும் அந்தக் குழி மூடவில்லை. சீழ் வைத்தது, வாய் நாறியது. பக்கத்து வீட்டுக்காரியிடம்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசினாள். ஒருநாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈறு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக எலும்பு தெரிந்தது.

திருநெல்வேலியில் தாடை அறுவை மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, எலும்புக்கு ஊசி ஏதும் போட்டதுண்டா என்பதுதான். போட்டிருந்தோம். எலும்புத் தேய்மானத்துக்காக வருஷம் ஒரு தடவை ட்ரிப்ஸில் ஏற்றுகிற ஊசி, நான்கு வருஷமாக. நானேதான் ஆட்டோவில் கூட்டிப்போவேன். ஆனால் ஊசி எப்படி மாத்திரையாகும்? அப்படித்தான் என் புத்தி போயிருக்கிறது. இடுப்பெலும்பு முறியாமல் காக்கிற அதே மருந்து சிலருக்குத் தாடைப் புண்ணை ஆறவிடாது, பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு செத்துப்போகும் என்றார் அவர். முன்பே சொல்லியிருந்தால் பல்லைப் பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்து பார்த்திருக்கலாமாம். இப்போதைக்கு மருந்தால் கழுவி, செத்த எலும்பை மட்டும் சுரண்டி எடுத்துப் பார்ப்போம், பரவினால் தாடையில் ஒரு பகுதியையே வெட்ட வேண்டிவரும் என்றார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவளுக்குக் கஞ்சியும் குழைந்த ரசஞ்சாதமும்தான். ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில் மருந்துத் தண்ணீரை நிரப்பி அந்தக் குழியைக் கழுவிவிடுவது என் வேலை. "பைய, பைய" என்பாள். தாடை போய்விடுமோ என்கிற பயத்தில் ஒவ்வொரு தடவையும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். பெரிய மனுஷன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

கடைசியில் எலும்பைச் சுரண்டி, ஈறை இழுத்துத் தைத்தார்கள். போன வாரம் மருத்துவர் பார்த்துவிட்டு, புண் மூடிவிட்டது, தாடைக்குப் பயமில்லை, இனிப் பல் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும் என்றார். வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊசி நினைப்பே வராமல் உன்னை இந்தப் பாடு படுத்திவிட்டேனே என்றேன்.

"எனக்கு அங்கன வச்சே ஞாபகம் வந்துட்டு," என்றாள் அவள். "பல் டாக்டர் முன்னால உங்க பேச்சை மறுக்க வேண்டாம்னு இருந்துட்டேன்."

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் என் பேச்சுக்கு அவள் மறுபேச்சு பேசியதே இல்லை என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவன் நான்.