அவள் சொன்ன இடத்தில் நின்ற டைமிங்

பெண்சாதி பேச்சைக் கேட்டுக் கார் இஞ்சினுக்கு டைமிங் வைக்கிற ஆள் இந்த ஊவா மாகாணத்திலேயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கட்டும்.

என்கிட்ட ஒரு பழைய மைனர் கார் இருக்கு. இளந்தாரி வயசுல கொழுப்பெடுத்துப்போய் அதுக்கு வேற காரோட இஞ்சினைத் தூக்கி வச்சேன். அதோட விட்டேனா? வேகம் கூடட்டும்னு இஞ்சின் மேல மூடியிருக்கிற ஹெட்டையும் சீவிப் போட்டேன். சீவின ஹெட்டுக்கு நம்ம சாதாரண பெட்ரோல் ஒத்துவராது. பெட்ரோலைப் பத்த வைக்கிற பொறி எப்ப விழணும்கிறதுதான் டைமிங். பொறி கொஞ்சம் முந்தி விழுந்தாலும் ஏத்தத்துல உள்ளுக்குள்ள டிக் டிக்னு தட்டும். பிந்தி விழுந்தா இழுவை கெட்டுத் தண்ணி கொதிக்கும். புல்லியில இருக்கிற அடையாளத்தைப் பார்த்து வைக்கலாம்னா, அந்தப் புல்லி இன்னொரு இஞ்சினோடது. அதுல இருக்கிற கோடு சுத்தப் பொய். காதை வச்சுத்தான் டைமிங் பிடிக்கணும். என் காதோ தேயிலை ஃபேக்டரியில ரோலர் பக்கத்துல நின்னு நின்னு எப்பவோ போயிருச்சு. ஆள் பேசுறது கேக்கும், அந்தச் சின்னத் தட்டு கேக்காது.

அவளுக்குக் கேட்டுச்சு.

நோய் வந்த பிறகு, ஹல்துமுல்லைக்குக் கீழ இருக்கிற எங்க தோட்டத்துல இருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு அவளை அந்தக் கார்லதான் கூட்டிட்டுப் போவேன். பஸ்ல அவளால நிக்க முடியல. முன் சீட்டுல தலகாணி வச்சு உட்காருவா. மருந்து ஏத்திட்டுத் திரும்பி வரும்போது ஹாலிஎல ஏத்தத்துல கண்ணை மூடிக்கிட்டு, "என்னங்க, தட்டுது. எலும்புக்குள்ள கேக்குது"ன்னுவா.

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

"உங்களுக்கு நான் கூப்பிடுறதே கேக்காது."

ஓரமா நிப்பாட்டி, பொனட்டைத் தூக்கி, பொறியைப் பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூட்டரோட நட்டை இளக்கி, அதை மயிரிழை அளவு திருப்பி, மறுபடி ஏத்தத்துல விடுவேன். "இன்னும் கொஞ்சம்"னுவா. மறுபடி இறங்குவேன். எரிச்சல் வரும், முணுமுணுப்பேன். கடைசியில ஒரு தடவை ஏத்தம் முழுக்க ஒண்ணும் சொல்லாம வந்தா. மேல வந்து சேர்ந்ததும், "இப்ப சரி"ன்னுட்டுத் தூங்கிட்டா. அவ்வளவு பிந்தி வச்சா இஞ்சின் சூடேறும்னு எனக்குத் தெரியும். ஏறட்டும். பண்டாரவளையில நிப்பாட்டித் தண்ணி ஊத்திக்கலாம். அவ தூங்கினாளே, அது போதும். அதுக்குப் பிறகு அவ போற வரைக்கும் அந்த நட்டை நான் தொடல.

அடக்கம் முடிஞ்ச பிறகும் தொடல. வீட்ல அவ வச்ச சாமானை எல்லாம் சொந்தக்காரங்க வந்து ஒதுக்கி, கழுவி, இடம் மாத்திட்டாங்க. கார் ஒண்ணுதான் அவ சொன்ன இடத்துல ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதையாவது அப்படியே வச்சிருக்கணும்னு நினைச்சேன்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு மெழுகுதிரியும் சாமானும் வாங்க பதுளைக்குப் போனேன். பஸாருக்குள்ள கார் நிறுத்த இடமில்ல. எப்பவும் போல ஸ்பேர் பார்ட்ஸ் கடை நானாகிட்ட சாவியைக் குடுத்துட்டு நடந்தேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்க நானான்னுதான் கூப்பிடுவோம். பழைய சிநேகிதர். காய்ச்சலா கிடந்ததால அடக்கத்துக்கு வர முடியலைன்னு அவருக்கு மனசு கஷ்டம். திரும்பி வந்தா பொனட் திறந்து கிடக்கு. நானா கையைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறார்.

"டைமிங் ரொம்பப் பின்னுக்குக் கெடந்திச்சு தம்பி. இப்படி ஓடினா ஹெட் போயிரும். ஒழுங்காக்கிட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மவுத்து வீட்டுக்கு எல்லாரும் சீனி, தேயிலைன்னு கொண்டு வந்திருப்பாங்க. நான் வெறுங்கையோட இருந்திட்டேனே. இதையாவது செய்வோம்னுதான்" என்றார்.

வாய் வரைக்கும் கெட்ட வார்த்தை வந்துச்சு. முழுங்கிட்டேன். அந்த மனுசன்மேல என்ன பிழை? எங்க பக்கம் சாவு வீட்டுக்கு ஆளாளுக்குத் தங்களால ஆனதைக் கொண்டு வர்றது வழக்கம். அவருக்குத் தெரிஞ்சது இஞ்சின். "நல்லதுங்க நானா"ன்னுட்டு ஏறினேன்.

ஹாலிஎல ஏத்தத்துல கார் சும்மா பறந்துச்சு. என்னால தாங்க முடியல. ஓரமா நிப்பாட்டிப் பொனட்டைத் தூக்கினேன். டிஸ்ட்ரிபியூட்டர் முந்தி நின்ன தடம் பழைய எண்ணெய்ப் பிசுக்குலயாவது தெரியும்னு பார்த்தா, நானா பெட்ரோல் போட்டுத் துடைச்சுப் பளபளன்னு வச்சிருக்கார். கோடு கிழிச்சு வைக்கணும்னு எனக்கு ஒருநாளும் தோணினதில்ல. கேக்கத்தான் அவ இருந்தாளே.

நட்டை இளக்கிக் கொஞ்சம் திருப்பி, காரைக் கீழ கொண்டுபோய் மறுபடி ஏத்தினேன். ஒண்ணும் கேக்கல. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அப்பவும் ஒண்ணும் கேக்கல. தட்டுதோ தட்டலையோ, என் காதுக்கு எல்லாம் ஒண்ணுதான். அழுகை வந்துச்சு, ரோட்டோரம்னும் பார்க்காம அழுதேன். பின் சீட்டுல பூசைச் சாமான் கிடந்துச்சு. வீட்ல ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க.

ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். "இப்ப சரி"ன்னு சொல்ல ஆள் இல்லாம, நான் அதை எந்த இடத்துல இறுக்குறது?