தக்காளி இல்லாத சங்கரா

பொகா தெல் ரியோ என்ற ஊரில் ஆற்றோரமாக மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் எவரிஸ்தோவுக்கு, தான் மெக்சிகோக்காரன் என்பது ஒரு தற்காலிக ஏற்பாடு. அப்பாவழித் தாத்தா ஸ்பெயினின் அஸ்தூரியாஸிலிருந்து கப்பலில் வந்தவர். இந்த மண்ணின் பூர்வகுடிகளான அம்மாவழிச் சொந்தங்களைப் பற்றி அவர் பேசுவதில்லை. அவர் மூஞ்சியே பேசிவிடும்.

வெராகுரூஸில் இருக்கும் ஸ்பானியர் சங்கத்தில் உறுப்பினராகிவிட வேண்டும். அவருடைய ஆயுள் லட்சியம் அவ்வளவுதான். பலமுறை கேட்டும் சிரித்து அனுப்பிவிட்டார்கள். கடைசியில் தலைவர் தோன் ஃபெர்மினே கடைக்குச் சாப்பிட வருவதாகச் சொன்னார். அவர் அஸ்தூரியாஸிலேயே பிறந்து வளர்ந்த அசல் சரக்கு.

எவரிஸ்தோ சமையற்கட்டுக்குள் போய் மனைவி கசில்தாவுக்கு உத்தரவு போட்டார்.

"இன்னிக்குச் சங்கரா மீனுக்குத் தக்காளி கிடையாது, மிளகாயும் கிடையாது. அதெல்லாம் இந்த மண்ணுச் சரக்கு. ஆலிவ், கேப்பர் மொட்டு, பூண்டு, எண்ணெய். கப்பல்ல வந்தது மட்டும்தான்."

கசில்தா அல்வராதோக்காரி. அந்த ஊர்க்காரிகள் பேசுவதை முழுதாக அச்சில் ஏற்ற முடியாது. ஏற்றக்கூடிய பகுதி இது:

"மீனு மட்டும் கப்பல்லயா வந்துச்சு? காலைல நம்ம கடல்ல புடிச்சதுய்யா. அதையும் எடுத்துடவா?"

"சொன்னதைச் செய்."

செய்தாள். கூடவே, கடை ஆட்களுக்கென்று வழக்கமான சிவப்புக் குழம்பில் இன்னொரு சங்கராவையும் ஓவனில் தள்ளினாள்.

எண்ணெயில் வெளுத்துக் கிடந்த மீனை, துக்கம் விசாரிக்க வந்தவர் போலப் பார்த்தார் தோன் ஃபெர்மின்.

"தக்காளி எங்கப்பா?"

"சுத்த ஸ்பானிய முறைங்கய்யா. செவ்விந்தியர் சரக்கு எதையும் சேர்க்கல."

"எங்கம்மா தக்காளி இல்லாம மீனே செஞ்சதில்லையே. எங்க கொல்லைல காய்க்கிறது. அது எங்க ஊர்க் காய்ப்பா."

எவரிஸ்தோ ஆலிவ் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார். அதற்குள் உள்ளேயிருந்து சிவப்புக் குழம்பின் வாசனை வந்தது. தலைவர் எழுந்து மூக்கு இழுத்த வழியே போய், ஓவனுக்குப் பக்கத்தில் நின்றபடியே சிவப்பு மீனை மஞ்சள் மிளகாயோடு தின்று தீர்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அம்மா, அடுத்த மாசம் சங்கத்து விருந்துக்கு நீங்கதான் சமைக்கணும்."

"எங்க வீட்டுக்காரரு?"

"தட்டு தூக்க ஆளு வேணும்ல."

இப்போது எவரிஸ்தோ சங்கத்துக்குப் போய்வருகிறார், பின்வாசல் வழியாக. உறுப்பினராக யாரும் சேர்க்கவில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் புதுச் சரித்திரம் ஒன்று சொல்கிறார்: தக்காளி விதையே அவருடைய தாத்தா அஸ்தூரியாஸிலிருந்து கோட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்ததாம்.

"அப்போ மிளகாய்?" என்று ஒருவர் கேட்டார்.

"அது இன்னொரு பையில," என்றாள் கசில்தா உள்ளேயிருந்து.