அன்டெனாக் கம்பம்

மகளின் கட்டுரைக்குப் பழைய வீடியோ கேம் ஒன்றின் படம் வேண்டுமாம். ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன உத்தியோகம்? கணினியில் பழைய கேம்களை ஓட்டும் எமுலேட்டரைப் போட்டு, பழைய டிவியின் அகலம், கோடுகள், நிறம் எல்லாவற்றையும் முறைப்படி சரிசெய்தேன். அப்போது திரையில் ஒரு விண்கலம் "டொய்ங்" என்று வெடித்தது. பண்டாரவளை வீட்டில் உட்கார்ந்திருந்தவன், சின்ன வயதில் வளர்ந்த ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

அங்கே டிவி இருந்தது தோட்டத்து ஆபீஸ் கணக்கு பார்க்கும் பெரிய கிளாக்கர் ஐயா வீட்டில் மட்டும்தான். அவர் மகன் கொழும்பிலிருந்து கேம் பெட்டி கொண்டுவந்தபோது, தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகளில் என்னை மட்டும் கூப்பிட்டார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்து, படிய வாரி அனுப்பினாள். வெளியே அன்டெனாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நின்றால் கடைசியில் ஒரு ஆட்டம் எனக்கு.

"படம் தெளிவா இருக்குங்களா சின்னய்யா?"

"இல்லடா, இன்னும் கொஞ்சம் திருப்பு!"

உள்ளே "டொய்ங்" என்று கேட்கும், எல்லோரும் சிரிப்பார்கள். கிளாக்கர் ஐயாவின் வெற்றிலை குதப்பிய சிரிப்பும் அதில் சேரும். பனியில் என் விரல்கள் மரத்துப்போகும். என் ஆட்டம் வருவதற்குள் இருட்டிவிடும். "நாளைக்கு வாடா" என்பார்கள். மறுநாளும் போவேன்.

இன்று, அந்தக் காலத்துத் திரையின் இரைச்சல் புள்ளிகளையும் படத்தில் கொண்டுவர நினைத்து, பெட்டியை டிவியோடு எப்படி இணைத்தார்கள் என்று தேடினேன். அன்டெனா வயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில்தான் பெட்டியின் வயரைச் செருகுவார்களாம். விளையாட்டுக்கு அன்டெனாவே தேவையில்லை.

புள்ளிகளோடு படத்தை மகளுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அச்சு அசலா இருக்குப்பா! சின்ன வயசுல பாத்ததா?"

"பாத்ததில்லம்மா. வெளியில நின்னு கேட்டிருக்கேன்."